சுகந்திக்குக் குரல் கொடுத்தவள்

திரும்பிப் பாத்தீங்கள்ல? நான் கண்டக்டர்கிட்ட "காஞ்சிபுரம் ஒண்ணு"ன்னு கேட்டேன், பட்டுனு திரும்பிட்டீங்க. தப்பில்லம்மா. எல்லாரும் திரும்புவாங்க. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கோமே, மூஞ்சி மட்டும் தெரியலையேன்னு முழிப்பாங்க. மத்தியான சீரியல் பாப்பீங்களா? ஒரு மருமக சமையல்கட்டுல உக்காந்து அழுதுக்கிட்டே இருப்பாளே, அந்த அழுகை நான்தான். அந்தப் பொண்ணுக்கு ஊர் பெங்களூரு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அது உதட்டை அசைக்கும், மிச்சம் எல்லாம் நான்.

பேரு கோமளா. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எப்படிக் கேள்விப்படுவீங்க, போட்டாத்தானே! 'பின்னணிக் குரல்'னு ஒரு ஆம்பளை பேரைப் போட்டு, பக்கத்துல 'மற்றும் குழுவினர்'னு முடிச்சிடுவாங்க. முப்பது வருஷமா நான் குழுவினர். என் புருஷன்கூட கேலி பண்ணுவார், "குழுவினர், காபி கொண்டா"ன்னு. நல்ல மனுஷன். போய்ச் சேந்துட்டார்.

நீங்க எங்க இறங்குறீங்க, வாலாஜாபாத்தா? அப்ப நேரம் இருக்கு. இன்னைக்கு எனக்கு மனசே சரியில்லைம்மா. பாதி வேலையில எழுந்து வந்துட்டேன், நேரா பஸ் ஏறிட்டேன், தங்கச்சி வீட்டுக்கு. அவகிட்ட இதைச் சொல்ல முடியாது. அவ வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார். உங்ககிட்ட சொல்லலாம். நீங்க யாரோ, நான் யாரோ. விஷயம் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி, மெதுவாத்தான் சொல்லணும். முன் சீட்டுக்காரர் இப்பவே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார் பாருங்க.

நிறைமதின்னு ஒரு பொண்ணு. கரூர்க்காரி. ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுட்டு சாலிகிராமத்துல மாடி ரூம் ஒண்ணு எடுத்து, ஒத்தை ஆளா உக்காந்து கம்ப்யூட்டர் கேம் பண்றா. பசங்க போன்ல டுமீல் டுமீல்னு சுடுமே, அது இல்லை. இது கதை. படம் வரும், ஆளுங்க பேசுவாங்க, நடுநடுவுல நின்னு, இப்படிப் போகட்டுமா அப்படிப் போகட்டுமான்னு நம்மளைக் கேக்கும். நாம தொட்டு முடிவு பண்ணணும். பெரியவங்களுக்கு மட்டும்.

ஆமாம்மா, அந்தப் 'பெரியவங்களுக்கு மட்டும்'தான். ஏன் உங்க மூஞ்சி இப்படிப் போகுது? அதுல குரல் குடுக்க என்னைக் கூப்பிட்டு அவ இதைச் சொன்னப்ப நானும் அப்படித்தான் விருட்டுனு எழுந்தேன். "ஏண்டி, என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது? நான் வெள்ளிக்கிழமை விளக்கேத்துறவ"ன்னு கத்தினேன். அவ அசரவே இல்லை. "மேடம், நீங்க போன வாரம் டப்பிங் பேசின படத்துல நாலு தடியனுங்க ஒரு பொண்ணை இழுத்துட்டுப் போறாங்க, அவ கதறுறா. அந்தக் கதறல் நீங்கதானே? அதைத் தீபாவளிக்கு டி.வி.யில போடுவாங்க, குடும்பத்தோட பாப்பாங்க. என் கதையில யாரும் யாரையும் இழுக்கலை"ன்னா.

உண்மைதானே! அந்த மாதிரி கதறலுக்குன்னே என்னைத்தான் கூப்பிடுவாங்க. "கோமளாம்மா கத்தினா தியேட்டரே உறைஞ்சிடும்"னு ஒரு டைரக்டர் பொன்னாடை போத்தினார். வீட்டுக்குப் போனா ரெண்டு நாள் தொண்டை எரியும், மஞ்சள் பால் குடிப்பேன். அந்தப் படத்துக்கெல்லாம் ஜனங்க கார்டு போட்டுத்தானே டிக்கெட் எடுத்தாங்க? எந்தக் கார்டு கம்பெனிக்காரனும் வந்து, இந்தப் படத்துக்குப் பணம் வாங்கமாட்டேன்னு சொல்லலையே. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

கதை என்னன்னு கேட்டேன். சுகந்தின்னு ஒருத்தி. நாப்பது தாண்டினவ. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஒருத்தர் தினம் வந்து ஜெராக்ஸ் எடுப்பார். எடுக்க ஒண்ணும் இல்லாத அன்னைக்குக்கூட பழைய கரண்ட் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவார். அப்புறம் பழக்கம், அப்புறம் பிரியம், அப்புறம்... அதான். ஆனா அதுல ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தா நிறைமதி. ஒவ்வொரு இடத்துலயும் அந்த ஆள் கேப்பார். சுகந்தி வேணும்னா கதை மேல போகும். வேண்டாம்னா அந்த இடத்துலயே நின்னுடும், ரெண்டு பேரும் டீ குடிப்பாங்க. "அவ்வளவுதான் மேடம் என் கேம். ஒருத்தி தன் வாயால கேக்கணும், அவ்வளவுதான்"னா. எனக்கு அப்ப அது பெரிசாப் படலை. எனக்குப் பெரிசாப் பட்டது அடுத்து அவ சொன்னது.

"உங்க பேரு தனியா வரும் மேடம். முழுத் திரைக்கும். 'சுகந்திக்குக் குரல் கொடுத்தவர்: கோமளா'ன்னு."

உக்காந்துட்டேன்.

சிரிக்காதீங்க. முப்பது வருஷம் குழுவினரா இருந்து பாருங்க, தெரியும்.

ரெக்கார்டிங் அன்னைக்கு டயலாக் பேப்பரைக் குடுத்தா. வாங்கிப் படிச்சா எனக்குச் சிரிப்பு. அந்த நெருக்கமான சீன்ல ஒரு பொம்பளை பேசுறதைப் பாருங்க: 'வேணும்.' 'இங்க.' 'இன்னும் கொஞ்சம்.' இதென்ன காய்கறிக்கடையா? நம்ம பொண்ணு எவ இப்படிப் பேசுவா? எத்தனை ஹீரோயினுக்கு முதல் ராத்திரி பேசியிருக்கேன் நான்! "ச்சீ... விடுங்க... ம்ஹூம், வேண்டாம்..." இதானே வழக்கம். வேண்டாம்னு சொல்லும்போதே அடியில ஒரு சிரிப்பை வைக்கணும், மூச்சை இழுத்து இழுத்து விடணும். அதுல இருக்கு வித்தை. அதுக்கு நான்தான் பேர்போனவ. பேர் போடாத பேர்போனவ, வச்சுக்குங்க.

அதனால என் அனுபவத்துல அதைச் சேத்துவிட்டேன். அவ எழுதின 'வேணும்' வர்ற இடத்துல எல்லாம் "வேண்டாம்... விடுங்க..."ன்னு குழைஞ்சேன். இன்ஜினியர் குணசேகரன், என்னோட பழைய ஆளு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நிறைமதி காதுல ஹெட்போன் போட்டுக்கிட்டுக் கேட்டா. தலையாட்டினா. இதை நான் ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பின்னாடி என்னமோ நான் திருட்டுத்தனமாப் பண்ணின மாதிரி ஆயிடுச்சு. அவ கேட்டா, தலையாட்டினா, டேக் ஓகே. அவ்வளவுதான்.

கேம் வெளிய வந்துச்சு. இன்டர்நெட்டுல கடை இருக்காம், உலகம் பூரா கேம் விக்கிற கடை. வயசு சொன்னாத்தான் அந்தப் பக்கத்துக் கதவே திறக்கும். பரவாயில்லாம வித்துச்சு. மலேசியாவுலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, 'சுகந்தி என் வயசு, அதனால வாங்கினேன்'னு. நிறைமதி போன்ல என் பேரு வர்ற இடத்தைக் காட்டினா. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கோமளா. நான் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன். அன்னைக்கு அவளுக்குக் கேசரி கிண்டிக் குடுத்தேன்.

அப்புறம்தான் வந்துச்சு இடி.

ஒரு நாள் காலையில போய் நின்னா அவ கம்ப்யூட்டர் முன்னாடி சிலை மாதிரி உக்காந்திருக்கா. கடையில கேமைக் காணோம். எடுத்துட்டாங்க. என்னடி ஆச்சுன்னா, அவ சொல்றா: வெளிநாட்டுல ஏதோ ஒரு சங்கம். அசிங்கமான கேம் எல்லாம் விக்கிறாங்கன்னு கிளம்பி, கடைக்காரன்கிட்ட போகலை, கார்டு கம்பெனிக்கு எழுதியிருக்காங்க, போன் மேல போன் போட்டிருக்காங்க. கார்டு கம்பெனிக்காரன் கடைக்காரன்கிட்ட, "இதை எல்லாம் எடு, இல்லேன்னா உன் கடையில ஒரு கார்டும் வேலை செய்யாது"ன்னுட்டான். கடைக்காரன் பயந்துபோய் கூட்டித் தள்ளிட்டான். நல்லது, கெட்டது, சுகந்தி, எல்லாம் ஒரே முறத்துல.

"அதுல சிலது நிஜமாவே அசிங்கம் கோமளாம்மா. அதைத் தூக்கினா நானே கை தட்டுவேன்"னா. அதுக்குள்ள மேடம் போய் கோமளாம்மா ஆயிருந்தேன். "ஆனா சட்டம் தடுக்கலை, கடைக்காரனுக்கும் ஆட்சேபம் இல்லை. பணம் போற வழியில நிக்கிறவன் தடுக்கிறான். அவனை யாரு கேக்கிறது?"

அவ கேட்டுத்தான் பாத்தா. கடைக்கு எழுதினா கார்டு கம்பெனியைக் கேளுங்கறான். கார்டு கம்பெனிக்கு எழுதினா, நாங்க எதையும் எடுக்கச் சொல்லலை, நடுவுல பணத்தை வாங்கிக் குடுக்கிறவனைக் கேளுங்கறான். நடுவுல இருக்கிறவன் கடையைக் கேளுங்கறான். செக்கைச் சுத்தி வர்ற மாடு மாதிரி அந்தப் பொண்ணு சுத்தினா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! என் பேரைப் போட்டது ஒரே ஒரு இடத்துல, அதையும் தூக்கிட்டீங்களேடா பாவிகளான்னு.

நான் சும்மா இருப்பேனா? என் பேங்க் கார்டைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி ஒரு நம்பர் இருந்துச்சு. போட்டேன் போனை. ஒரு பொண்ணு எடுத்துச்சு. விட்டேன் பாருங்க, மாமியார் குரல்ல ஆரம்பிச்சு, வக்கீல் குரல்ல போய், கடைசியில பெத்த வயிறு எரியுற அம்மா குரல் வரைக்கும். சுகந்தியை எப்படி நீங்க எடுக்கலாம், அவ என்ன தப்புப் பண்ணினா, உடனே நிறுத்துங்கன்னேன். அந்தப் பொண்ணு ரொம்பப் பொறுமை. "கவலைப்படாதீங்க மேடம், சுகந்திங்கறவங்க இனிமே உங்க கார்டைப் பயன்படுத்த முடியாது, நிறுத்திட்டோம்"னு சொல்லி என் கார்டை முடக்கிட்டாங்க! புதுக் கார்டு வர்ற வரைக்கும் மளிகைக்கடையில நான் அசடு வழிஞ்சேன். நிறைமதி அன்னைக்கு ஒரு நாள்தான் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே அழுதுட்டா. வாடகைக்கு அவ அண்ணன்கிட்ட கேக்கணுமாம், அவன் என்ன கேம்னு கேப்பானாம்.

அப்புறம் எப்படியோ கடையில ஒரு மனுஷன் பதில் போட்டான். மெஷின் இல்லை, நிஜ மனுஷன். உங்க கேம்ல இந்த இடத்துல அந்தப் பெண் வேண்டாம், விடுங்கன்னு சொல்றா, அந்த ஆண் நிறுத்தலை. பெண்ணோட சம்மதம் இல்லாத காட்சிக்கு இப்ப அனுமதி இல்லை. திருத்தி அனுப்பினா பாக்கிறோம்னு. கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடுமில்ல, அதைக் குரலைக் கேட்டு மெஷின் எழுதுமாம். அந்த எழுத்தைப் படிச்சிருக்கான் அந்த ஆளு.

நிறைமதி எனக்கு அதைப் போட்டுக் காட்டினா. "கேளுங்க கோமளாம்மா"ன்னா. கேட்டேன். எவ்வளவு அழகா வந்திருந்துச்சு தெரியுமா? அந்தச் சிரிப்பு, அந்த மூச்சு. "பிரமாதமா இருக்கேடி"ன்னேன்.

"அவ வேண்டாங்கறா."

"அது வேண்டாம் இல்லைடி! வேண்டாம்னா வேண்டாம்னா அர்த்தம்? வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும், நம்ம பொண்ணுங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அவ என்னையே பாத்தா. திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. "நான் அன்னைக்கே ஹெட்போன்ல கேட்டேன் கோமளாம்மா, ஆனா எனக்கே தப்பாப் படலை. இவ்வளவு யோசிச்சு எழுதினவ நான். என் காதுக்கே படலை. அதான் பயமா இருக்கு"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியலை. தப்பு இல்லாததால தப்பாப் படலை, அதுல பயப்பட என்ன இருக்கு? இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாத்தையும் ரொம்ப யோசிக்குது.

நீங்களே சொல்லுங்க. கல்யாணம் ஆயிடுச்சுல்ல? நான் என் புருஷன்கிட்ட வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஜுரம் அடிக்கும், சொல்லுவேன். ரெண்டாவது பிரசவம் ஆன உடம்பு, சொல்லுவேன். அவர் சிரிப்பார். "சினிமாவுல பேசுற மாதிரியே பேசுறே"ம்பார். நல்ல மனுஷன்மா. குடி கிடையாது. கை ஓங்கினது ரெண்டு மூணு தடவை, அதுவும் என் பேரிலதான் தப்பு. வேண்டாம்னு சொன்னதைப் பெரிசு பண்ணியிருந்தா குடும்பம் நடக்குமா? உலகம் பூரா அப்படித்தானே நடக்குது.

என்னம்மா, ஜன்னல் பக்கம் பாக்கிறீங்க? சரி, படப்பை வந்துடுச்சு. இதோ சொல்லிடறேன்.

திருத்தணும்னு ஆயிடுச்சு. திருத்தறது என்ன பெரிய விஷயம், அந்த 'வேண்டாம்' எல்லாத்தையும் எடுத்துட்டு அவ எழுதின 'வேணும்'னு பேசணும். ஒரே ஒரு வார்த்தை. பத்து நிமிஷ வேலைன்னு போய் மைக் முன்னாடி நின்னேன். நம்பமாட்டீங்க, வரலை. வாய் சொல்லுது, சரியா வரலை. முதல்ல சொன்னேன், குணசேகரன், "மேடம், வில்லி மாதிரி இருக்கு"ன்னார். ஆமா, சினிமாவுல அதைச் சொல்றவ வில்லிதானே! திருப்பிச் சொன்னேன், கெஞ்சுற மாதிரி வந்துச்சு. திருப்பிச் சொன்னேன், அழுகை வந்துச்சு. என் அழுகைதான் கூப்பிடாமலே வருமே. குணசேகரன் ஒரு யோசனை பண்ணினார். வேற ஒரு சீன்ல சுகந்தி 'டீ வேணும்'பா, அந்த 'வேணும்'மை வெட்டி இங்க ஒட்டிப் பாத்தார். கேட்டா டீ கேக்கற மாதிரியே இருக்கு! மூணு பேரும் சிரிச்சோம். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. கடைக்காரன் குடுத்த கெடு அன்னைக்கோட முடியுது.

நிறைமதி மெதுவா கேட்டா, "கோமளாம்மா, உங்களுக்கு எப்பவாவது ஒண்ணு வேணும்னு இருந்திருக்கும்ல, நீங்களா கேட்டது, அதை நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க"ன்னு. நின்னு யோசிச்சேன். பையன் படிப்பு, பொண்ணு கல்யாணம், அவருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும், இதான் வருது. இதெல்லாம் வேண்டுதல். எனக்குன்னு கேட்டது ஒண்ணும் அகப்படலை.

அவ டயலாக் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "விடுங்க. தப்பா நினைக்காதீங்க. வேற ஒருத்தங்களைக் கூப்பிட்டுப் பேச வச்சுக்கறேன். எனக்கு வேற வழி இல்லை"ன்னா.

"அந்தப் பேரு?"ன்னேன்.

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பேசறவங்க பேருதானே கோமளாம்மா போட முடியும்?"

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. கத்தலை, கெஞ்சலை. மைக் முன்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன். "எனக்கு வேணும்"னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. குணசேகரன் ரெக்கார்டரை நிறுத்தவே மாட்டார், அவர் பழக்கம் அது, எது எப்ப நல்லா வரும்னு தெரியாதும்பார். நிறைமதி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டிருக்கா, கண்ணுல தண்ணி. "அடியே, அது டயலாக் இல்லைடி, நான் என் பேரு வேணும்னு சொன்னேன்"ங்கறேன். "தெரியும், அதான் டேக்"ங்கறா. எனக்குக் கோவம்னா கோவம். ஒரு ஏத்தம் இறக்கம் இல்லை, மூச்சுக் கணக்கு இல்லை, நடிப்பே இல்லை. என் வாழ்க்கையிலேயே மட்டமான டேக். அதைப் போய் சுகந்தி வாயில வச்சுட்டாங்க. வச்சுப் போட்டுக் காட்டினப்ப நான் வெளிய போயிட்டேன். கேக்க முடியலை. யார் முன்னாடியோ துணி இல்லாம நின்ன மாதிரி இருந்துச்சு.

அனுப்பினோம். அன்னைக்கே அனுப்பிட்டா. ரெண்டு பேரும் வடபழனி கோவிலுக்குப் போயிட்டு வந்தோம். இந்தக் கேமுக்குப் போய் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்னு நினைச்சா இப்ப சிரிப்பா இருக்கு.

பதில் வந்துச்சு. திருத்தினது சரியா இருக்கு, நன்றி. ஆனா எங்களுக்குப் பணம் வாங்கிக் குடுக்கிறவங்க இப்ப இந்த வகை கேம் எதுவுமே வேண்டாங்கறாங்க. அவங்க வேண்டாம்னா எங்களால மீற முடியாது. அவ்வளவுதான் கடுதாசி. அவங்க வேண்டாம்னா மட்டும் வேண்டாம் போல இருக்கு, உடனே உலகமே நிக்குது.

நிறைமதி கரூருக்குப் போயிட்டா. அண்ணன் துணிக்கடைக்கு நோட்டீஸ் டிசைன் பண்றாளாம். போன வாரம் பேசினா. "உங்க பேரு உள்ள இருக்கு கோமளாம்மா. யாராலயும் வாங்க முடியாது, ஆனா இருக்கு. நான் எடுக்கலை"ன்னா. சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டு போனை வச்சுட்டேன். அந்தப் பொண்ணு வாழ்க்கை இப்படி ஆனதுக்கு அந்தக் கார்டு கம்பெனிக்காரன் நல்லாவே இருக்கமாட்டான். வேற யாரைச் சொல்றது?

சரி, அது போச்சு. இன்னைக்குக் கதைக்கு வர்றேன். இன்னைக்குக் காலையில சீரியல் டப்பிங். அந்த அழுமூஞ்சி மருமகளுக்கு இத்தனை எபிசோடு கழிச்சு இப்பத்தான் முதல் ராத்திரி. வழக்கமா ஆம்பளைக் குரல் தனியா, நாங்க தனியாப் பேசுவோம். இன்னைக்கு அவசரம்னு ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சாங்க. எனக்குப் பக்கத்து மைக்குல உமாபதி. வயசு முப்பது இருக்கும், மரியாதையான பிள்ளை. அவன் என்னமோ கொஞ்சிப் பேசுறான், நான், "ச்சீ, வேண்டாம், விடுங்க" சொல்லணும். அதே டயலாக். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்.

சொன்னேன். டைரக்டர், "மேடம், சிரிப்பு வரலையே"ன்னார். திருப்பிச் சொன்னேன். "இல்லையே, நிஜமாவே வேண்டாங்கற மாதிரி இருக்கே"ன்னார். தண்ணி குடிச்சேன், கனைச்சேன், மூச்சை இழுத்தேன், அந்தச் சிரிப்பை அடியில வைக்கப் பாக்கிறேன், அது இல்லவே இல்லைம்மா. எங்கே போச்சுன்னே தெரியலை. முப்பது வருஷம் சோறு போட்ட சிரிப்பு. திரும்பவும் பேசினேன். உமாபதி அவன் பங்கைக் கொஞ்சிக்கிட்டே வர்றான். நான், "வேண்டாம்"னேன்.

அவன் நிறுத்திட்டான்.

டயலாக் பாதியில இருக்கு, திரையில ஹீரோ உதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கு, இவன் நிறுத்திட்டு மைக்கை விட்டு ரெண்டடி பின்னாடி போயிட்டான். "சாரி மேடம், நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"ங்கறான். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு அந்தப் பிள்ளைக்கு. "இல்லப்பா, நான் டயலாக்தான் சொன்னேன்"னு சொல்லியிருக்கலாம், ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டேன். டைரக்டர் தலையில அடிச்சுக்கிட்டார், டேக் வீணாப் போச்சுன்னு. நாளைக்கு வேற யாரையோ வச்சுக்கறாங்களாம். எவ்வளவு பெரிய அவமானம் எனக்கு! வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இந்தப் பஸ்ல ஏறிட்டேன்.

வேலை போனதுக்கு அழறேன்னு நினைக்காதீங்க. வேலை வரும், போகும். நான் அழறது எதுக்குன்னு எனக்கே தெரியலைம்மா. அந்தப் பையன் நின்னானே, அதையேதான் நினைச்சுக்கிட்டு வர்றேன். வேண்டாம்னேன். உடனே நின்னுட்டான்.